புலப்படா வேதனை

உடலில் ஓர் உறுப்புக் குறைந்தவரைக் கண்டால் வழிவிடுவது நம் நாட்டு மக்களின் இயல்பு. கோலூன்றி வருபவருக்குப் பேருந்தில் இடம் கிடைக்கிறது. கண்ணிழந்தவரைக் கைபிடித்து வீதி கடத்தி விடுகிறார்கள். இஃது இரக்கத்தின் செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்விரக்கம் கண்ணின் வழியாகவே புறப்படுகிறது. கண்ணுக்கு ஒன்றும் புலப்படாதவிடத்து அதே மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதே நாம் இக்கட்டுரையில் எடுத்துக்கொண்ட வினா. கட்டுடலும் தெளிந்த முகமும் உடைய இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன், "முதுகு நோகிறது, என்னால் நிற்க முடியவில்லை" என்று சொன்னால், அவனை நம்புதல் நமக்குக் கடமையா? சான்று கேட்கும் உரிமை நமக்கு உண்டா? இன்னும் ஆழ்ந்து கேட்பின், அந்நோவு அவனுக்கு ஏன் வந்தது என்று காரணம் சொல்லத் துணிபவர் எதனைக் கொண்டு சொல்கிறார்?

பாலி மொழியில் 'வேதனா' என்னும் சொல் இன்பம், துன்பம், இவ்விரண்டும் அல்லாத நடுநிலை ஆகிய மூன்றையும் குறிக்கும். மணிமேகலைக் காப்பியம் பன்னிரு சார்புகளை எண்ணுமிடத்து இதனை 'நுகர்வு' என்று தமிழாக்கிற்று. தமிழர் நாவிலோ 'வேதனை' என்பது துன்பத்தை மட்டும் குறித்து நின்றுவிட்டது; நெடுங்காலம் துன்புற்ற மக்களின் மொழியில் இது நேர்ந்தது வியப்பன்று. பெயர் எதுவாயினும், நுகர்வு என்பது நுகர்பவனுக்கு மட்டுமே நேரே தெரிவது. பிறருடைய பல்வலியை எவரும் கண்டதில்லை. கன்னம் வீங்கியதைக் கண்டிருக்கிறோம். வீக்கம் வலிக்கு ஓர் அடையாளம், அவ்வளவே. அடையாளம் இல்லாத வலியும் உண்டு. வலி இல்லாத அடையாளமும் உண்டு.

சித்தூரும் திருப்பதியும் 1911 முதல் ஒரே மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரலில் இரு மாவட்டங்களாயின. தெலுங்கும் தமிழும் ஒரே வீட்டில் வழங்கும் நிலம் அது. மருத்துவர் "நொப்பி எக்கட?" என்று தெலுங்கில் கேட்க, தாய் மகனை நோக்கி, "எங்கே நோவுது, சொல்லப்பா" என்று தமிழில் எடுத்துரைப்பாள். அந்நிலத்து இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். இவன் நாம் கற்பித்த மனிதன். இவன் நோய் நாம் கற்பித்தது அன்று. பின்னிரவில், இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ, இடுப்பின் அடியில் ஒரு குடைச்சல் அவனை எழுப்புகிறது. புரண்டு படுத்தாலும் தீரவில்லை. விடியற்காலையில் முதுகு பலகைபோல் விறைத்திருக்கிறது. குனிந்து செருப்பு மாட்ட அரைமணிக்கும் மேலாகிறது. வேலைக்குப் புறப்படும் நேரம் தவறிவிடுகிறது. நடக்க நடக்க விறைப்புத் தளர்கிறது. மாலையில் அவன் தெருவில் பந்து ஆடுவதைக் கண்ட அண்டை வீட்டார் தம்முள் சிரித்துக்கொள்கிறார்கள்: காலையில் வேலை என்றால் முதுகு நோவு, மாலையில் ஆட்டம் என்றால் நோவு இல்லை!

ஒருநாள் நண்பர்களோடு அலிபிரியிலிருந்து 3,550 படிகளும் ஏறித் திருமலை சேர்கிறான். மேலே வரிசைக் கூடத்தில் பல மணிநேரம் அமர்ந்து காத்திருந்தபின் எழ முயல்கிறான், எழ முடியவில்லை, சுவரைப் பற்றிக்கொள்கிறான். மலையேறியவனுக்கு உட்கார்ந்து எழ முடியவில்லையாம் என்று உடன் வந்தவர்களே நகைக்கிறார்கள். அறுபத்தைந்து வயது கடந்தவர்க்கும், சான்று காட்டும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அங்கே தனி வழி உண்டு. இவனிடம் சான்று இல்லை. நரைத்த தலையும் இல்லை.

இந்நோயை மருத்துவ நூலார் 'அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்' என்பர். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே முதுகெலும்பின் மூட்டுகளில் அழற்சியை மூட்டுவது இதன் தன்மை. பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்குவது. ஓய்வினால் மிகுவதும், அசைவினால் குறைவதும், பின்னிரவில் எழுப்புவதும், காலையில் விறைப்பதும் இந்நோயின் சிறப்பு அடையாளங்கள். எலும்பு தேய்ந்தோ தசை சுளுக்கியோ வரும் சாதாரண முதுகுவலி ஓய்வினால் தணியும்; இது அவ்வாறன்று. கற்றறிந்த மருத்துவர் எந்த அடையாளத்தைக் கொண்டு "இது மெய்யான நோய்" என்று தெளிகிறாரோ, அதே அடையாளத்தைக் கொண்டு அண்டை வீட்டார் "இது பொய்" என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். இதனைவிடத் துயரமான முரண்பாடு நோய்களின் உலகில் அரிது.

எக்ஸ்ரே படம் எடுத்தால் தெரியாதா எனின், தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் தெரியாது. இடுப்பு மூட்டின் எலும்பில் மாற்றம் படத்தில் தோன்றப் பல ஆண்டுகள் செல்லும், எம்.ஆர்.ஐ. படம் முன்னரே காட்டக்கூடும். ஆனால் அதற்கான செலவும், அதனை எடுக்கவேண்டும் என்று ஐயுறும் மருத்துவரும் எல்லார்க்கும் எளிதில் வாய்ப்பதில்லை. "படத்தில் ஒன்றும் இல்லை" என்னும் சொல்லை நோயாளி கேட்கும் விதம் வேறு, வீட்டார் கேட்கும் விதம் வேறு. படத்தில் ஒன்றும் இல்லை என்பது வீட்டை அடைவதற்குள் "உனக்கு ஒன்றும் இல்லை" என்று மாறிவிடுகிறது. பிறகு சித்தூரிலிருந்து திருப்பதிக்கும் வேலூருக்கும் அலைச்சல். ஒவ்வோர் அலைச்சலுக்கும் ஒரு நாள் கூலி இழப்பு. ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு திரும்பும்போது வீட்டாரின் பொறுமையில் ஒரு பங்கு குறைவு.

பெண்மக்களின் நிலை இதனினும் இடர்ப்பாடு உடையது. கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து மாதந்தோறும் கடும் வலியைத் தரும் 'எண்டோமெட்ரியோசிஸ்' என்னும் நோய், பிள்ளைப்பேற்றுக்குரிய வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணிக்கிறது. "பெண்ணாய்ப் பிறந்தவள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்" என்பதே பெரும்பாலோர்க்குக் கிடைக்கும் முதல் மருந்து. சித்தூர்ப் பகுதியில் மாங்காய்க் காலத்தில் மாங்கூழ் ஆலைகளில் நின்றபடியே பழம் பிரிக்கும் பெண்களுள் இந்நோய் உடையவள் ஒருத்தி இருப்பின், அவள் மேற்பார்வையாளரிடம் என்ன சொல்லி உட்கார முடியும்? திருமணப் பேச்சு நடக்கும் வீடாயின் வாயே திறக்க இயலாது. நோய் உண்டு என்று சொன்னால் வரன் போய்விடும். சொல்லாது மணந்தபின் வெளிப்பட்டால், மறைத்தாள் என்னும் பழி. நோயின்மேல் இரண்டாவது சுமையாகப் பொய்யையும் அவள் சுமக்கவேண்டி வருகிறது.

வலி என்பது புண்ணின் அளவே என்று எண்ணுவது பழைய மயக்கம். போரிலோ விபத்திலோ கால் துண்டிக்கப்பட்டவர், இல்லாத அக்காலின் விரல்களில் எரிச்சலையும் முறுக்கலையும் உணர்வது உண்டு. அமெரிக்க மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல் 1871-இல் இதற்கு 'மாய உறுப்பு' எனப் பொருள்படும் பெயர் இட்டார். தமிழ் மரபினரான நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990-களில் ஒரு கண்ணாடியைக் கொண்டு, இருக்கும் கையின் நிழலை இழந்த கையின் இடத்தில் காட்டி, சிலருக்கு அவ்வலியைத் தணித்தார். கால் இல்லை, புண் இல்லை, வலி மட்டும் உண்டு. இதனைப் பொய் என்று இன்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. நெடுநாள் வலிச் செய்தியைக் கடத்திய நரம்புகளும் தண்டுவடமும் மூளையும் மேலும் மேலும் கூர்மையடைந்து, சிறு தொடுகையையும் பெருவலியாக்கிவிடுவதும் உண்டு என்பது பின்னர் நடந்த ஆராய்ச்சிகளால் தெளிந்தது.

ஆகவேதான் வலியை ஆராயும் அனைத்துலகச் சங்கத்தார் 2020-இல் தம் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு வலி இருப்பதாகச் சொல்லும் சொல் மதிக்கப்படவேண்டும் என்பதையும் அதன் குறிப்புகளில் சேர்த்தனர். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல், மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியைத் தனிப் பிரிவாக்கி, வேறு நோயின் நிழலாக அன்றித் தானே ஒரு நோயாக நிற்கும் வலியும் உண்டு என ஏற்றது. அறிவியல் சுற்றிச் சுற்றி வந்து நின்ற இடம், சொல்பவனின் சொல்லைக் கேள் என்பது.

சொல்லைக் கேட்பதில் தமிழருக்கு ஒரு வசதியும் உண்டு. குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு, உளைச்சல், இசிவு, பிடிப்பு, மரமரப்பு, விண்விண் எனத் தெறித்தல் என நம் பாட்டிமார் வலிக்கு வைத்த பெயர்கள் எத்தனை! கனடா நாட்டு அறிஞர் ரொனால்டு மெல்சாக் 1975-இல் ஆங்கிலத்தில் இத்தகைய 78 சொற்களைத் தொகுத்து, நோயாளி தேர்ந்தெடுக்கும் சொல்லைக் கொண்டு வலியின் தன்மையை அறிய ஒரு வினாத்தாள் அமைத்தார். எரிச்சலும் மரமரப்பும் என்பவருக்கு நரம்பில் கோளாறு இருக்கலாம்; காலைநேரக் குடைச்சல் என்பவருக்கு மூட்டில் அழற்சி இருக்கலாம். "வலிக்குது, வலிக்குது என்று எப்போதும் ஒரே பாட்டு" என்று சலிப்பவர், பாட்டில் உள்ள சொற்களைச் செவிமடுத்ததில்லை.

சித்தூரை அடுத்த வேலூரில், கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் கைகால்கள் அழிவதற்குப் பெருங்காரணம் அவர்கள் வலி உணர்வை இழந்தமையே என்று கண்டறிந்தார். சுடுகலத்தை உணராமல் பற்றுகிறார்கள், முள் தைத்ததை அறியாமல் நடக்கிறார்கள். சிறு காயம் பெரும்புண்ணாகி விரல்களை இழக்கிறார்கள். எனவே வலி ஒரு வரம் என்று அவர் உலகெங்கும் எடுத்துரைத்தார். பெரிய உண்மை இது. பல்லாயிரம் கைகளைக் காத்த உண்மை. ஆயினும் இதனை எடுத்து, பத்தாண்டுகளாக வலியோடு வாழும் இளைஞனிடம் சென்று "வலி உனக்கு ஆசான், அது ஒரு வரம்" என்று போதிப்பவர் அவ்வுண்மையை இடம் மாற்றி வைக்கிறார். வீடு பற்றியெரியும்போது ஒலிக்கும் மணி வீட்டைக் காக்கும். தீ அணைந்தபின்னும், தீயே இல்லாதபோதும், இரவும் பகலும் ஓயாது ஒலிக்கும் மணி எதைக் காக்கிறது? அதனுள் பாடம் தேடச் சொல்வது, தூங்க முடியாதவனிடம் இசையை நுகரச் சொல்வதை ஒக்கும்.

அரசின் சட்டம் இவ்விடயத்தில் மெல்ல மெல்லக் கண் திறந்து வருகிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே எண்ணியது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை 21 ஆக்கி, தலசீமியா, ஹீமோபீலியா, அரிவாள் அணு நோய், நாட்பட்ட நரம்பு நோய்கள் போன்ற, வெளியே தெரியாதனவற்றையும் சேர்த்துக்கொண்டது. நாட்பட்ட வலி என்னும் பெயரில் தனி வகை அதில் இல்லை. ஒதுக்கீடு முதலிய பயன்களைப் பெறக் குறைபாடு நூற்றுக்கு நாற்பதேனும் இருக்கவேண்டும்; அடையாள அட்டையின் நிறமே அவ்விழுக்காட்டைச் சொல்லிவிடும். மூட்டின் அசைவும் கண்ணின் பார்வையும் அளவுகோலுக்கு எளிதில் அகப்படுவன. இன்று எழுந்து நடப்பதும் நாளை எழ இயலாமல் கிடப்பதுமான நோய், முகாம் நடக்கும் ஒருநாள் காலையில் நாற்பதா முப்பதா? பொதுப்பணத்தைப் பகிர்ந்தளிக்கும் அரசுக்கு ஓர் அளவுகோல் இன்றியமையாதது என்பதை நாம் மறுக்கவில்லை. அவ்வளவுகோலைத் திருத்தக் கேட்பதும் முறையே. நாம் கேட்பது வேறொன்று. பேருந்தில் அருகே அமர்ந்திருப்பவருக்கும், வீட்டில் சோறு இடும் அண்ணிக்கும் எதற்காக ஓர் அளவுகோல் வேண்டும்? அவர்கள் ஓய்வூதியம் வழங்கப் போகிறார்களா?

இனி, தம்மத்தைத் தழுவிய நமக்கே உரிய வினாவுக்கு வருவோம். நோய் தீராதபோது வீட்டின் மூத்தோர் ஒருவர் ஒருநாள் பெருமூச்சோடு சொல்கிறார்: "எந்தப் பிறவியில் செய்த பாவமோ!" அன்பினால்தான் சொல்கிறார். வேறு காரணம் தெரியாமையால் சொல்கிறார். ஆனால் கேட்கும் இளைஞனின் செவியில் அது தீர்ப்பாகவே விழுகிறது. நோயாளி அக்கணமே குற்றவாளி ஆகிவிடுகிறான். எந்தக் குற்றம் என்று அவனுக்கும் தெரியாது, தீர்ப்பளித்தவருக்கும் தெரியாது.

இதனைப் பௌத்தம் என்று எண்ணுவோர் உளர். பகவன் சொன்னது யாது என்று பார்ப்போம். சங்யுத்த நிகாயத்தின் வேதனைப் பகுதியில் ஓர் உரையாடல் உள்ளது. இராசகிருகத்து வேணுவனத்தில் மோளியசீவகன் என்னும் பரிவிராசகன் பகவனை அணுகி, மனிதன் நுகரும் இன்ப துன்பங்கள் எல்லாம் முன்செய்த வினையாலேயே வருவன என்று சில சமணரும் பிராமணரும் சொல்கிறார்களே, தாங்கள் யாது சொல்கிறீர்கள் என்று வினவுகிறான். பகவன் காரணங்களை எண்ணிக் காட்டுகிறார்: பித்தத்தால் வரும் வேதனை உண்டு, சிலேட்டுமத்தால் வருவது உண்டு, வாதத்தால் வருவது உண்டு, மூன்றும் கூடுவதால் வருவது உண்டு, பருவ மாற்றத்தால், உடலைத் தகாதவாறு நடத்துவதால், பிறர் தாக்குவதால் வருவன உண்டு, எட்டாவதாக, வினையின் பயனாகவும் வருவது உண்டு. இவற்றுள் பித்தம் முதலியவற்றால் வருவதைத் தானே அறியலாம், உலகமும் ஒப்புகிறது. ஆகவே எல்லாம் முன்வினையே என்போர் தாமும் அறியாததை, உலகும் ஒப்பாததை எல்லை கடந்து பேசுகிறார்கள். அது தவறு என்கிறார் பகவன்.

வாதம், பித்தம், சிலேட்டுமம் என்பவை தமிழ் வைத்தியத்தில் பழகியோர்க்குப் புதியன அல்ல. 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவிய பண்டிதர் அயோத்திதாசர் ஒரு சித்த வைத்தியர் என்பதும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. எட்டுக் காரணங்களில் வினை ஒன்றே. அவ்வொன்றையும், இன்னாருடைய இந்நோவுக்கு அதுவே காரணம் என்று சுட்டிக் காட்டும் அறிவு பெருமூச்சு விடும் பாட்டிக்கோ அண்டை வீட்டாருக்கோ இல்லை. மிலிந்த மன்னன் இதே ஐயத்தை நாகசேனரிடம் எழுப்பியபோது, அவரும் இவ்வெட்டினையே எடுத்துக்காட்டி விடையிறுத்தார்.

பிற்காலத்து நூலாகிய அபதானத்தில் வேறு குரலும் கேட்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பகவனுக்கு இருந்த முதுகு நோவுக்கு, முற்பிறவியில் மல்லனாக இருந்தபோது எதிரியை ஒடித்ததே காரணம் என்று அங்கே ஒரு கதை உண்டு. இரு குரல்கள் மாறுபடுமிடத்து எதனைக் கொள்வது? பகவனே வினவப்பட்டு, நேரே விடை தந்த இடத்தையே நாம் கொள்கிறோம். அபதானக் கதையை ஒப்புக்கொண்டாலும், அதனைக் கண்டு சொல்பவர் புத்தர். அதுவும் தம்மைப் பற்றி. பிறருடைய முதுகுக்கு அவ்வாறு கதை கட்டும் உரிமையை அந்நூலும் எவருக்கும் தரவில்லை.

நமக்கு இது வெறும் நூலாராய்ச்சி அன்று. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தது பழவினையின் பயன், ஆகவே பொறுத்துக்கிட என்று நம் முன்னோர்க்கு ஆயிரமாண்டுகள் சொல்லப்பட்டது. கிணற்றுக்கு அப்பால் நிறுத்தியவரும் அதையே சொன்னார். கூலியைக் குறைத்தவரும் அதையே சொன்னார். அண்ணல் அம்பேத்கர், நீரிழிவும் கால் நோவும் வருத்திய தம் இறுதி ஆண்டுகளில் எழுதி, மறைவுக்குப்பின் 1957-இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் இக்கொள்கையை ஆராய்ந்து, ஏழையின் நிலைக்கு ஏழையையே பொறுப்பாக்கி அரசையும் சமுதாயத்தையும் பொறுப்பிலிருந்து தப்புவிப்பதே இதன் பயன் என்று காட்டினார். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் இலக்கக்கணக்கானோர் எதை உதறி எழுந்தனரோ, அதே கொள்கை நோயாளியின் பாயருகே வந்து அமருமாயின், அதனை இன்னாரென்று அறிந்து கொள்ளல் வேண்டும். பிறப்புக்குப் பழவினை காரணம் அன்று என்று வாசலில் சொல்லி, முதுகு நோவுக்குப் பழவினையே காரணம் என்று அடுப்பங்கரையில் சொல்வது எவ்வாறு பொருந்தும்? அங்கும் அதன் வேலை அதுவே: நோயாளியைப் பொறுப்பாக்கிச் சூழ்ந்திருப்போரைத் தப்புவிப்பது.

இன்னொரு போதனையும் இவ்வாறே இடம் மாறிக் கிடக்கிறது. இரண்டு அம்புகளின் உவமையை நம் அன்பர்கள் அறிவார்கள். கல்லாதவன் உடல் வேதனை என்னும் அம்பு தைத்தவுடன் மனத்தால் புலம்பி இரண்டாம் அம்பையும் ஏற்கிறான். அறம் கற்றவனோ ஓர் அம்பையே ஏற்கிறான் என்பது அதன் கருத்து. இதைக்கொண்டு, "வலியெல்லாம் மனத்தில்தான், மனத்தை அடக்கு, தீர்ந்துவிடும்" என்று நோயாளிக்கு அறிவுரை பகர்வார் பலர். உவமையை ஊன்றி நோக்கின், கற்றவனுக்கும் முதல் அம்பு தைத்தே இருக்கிறது. அது மெய்யம்பு, அதன் வலி மெய்வலி. அதை இல்லையென்று பகவன் சொல்லவில்லை. மேலும், இரண்டாம் அம்பை விலக்குவது அவரவர் தமக்குள் செய்யும் பயிற்சி. வெளியே நிற்பவர் கையில் உள்ளது இரண்டாம் அம்பை எய்வதோ எய்யாதிருப்பதோ மட்டுமே. "நடிக்கிறாய்" என்னும் ஒரு சொல் அவ்வம்பு. "உன் வயதில் நான்" என்று தொடங்கும் சொற்பொழிவும் அவ்வம்பின் உறவே.

ஆயின் நடிப்பவரே உலகில் இல்லையா என்று ஒருவர் கேட்கலாம். உண்டு. வேலைக்கு அஞ்சி வயிற்றுவலி சொல்பவரைப் பள்ளிக்கூடம் முதல் ஆலை வரை காண்கிறோம். இரண்டு இழப்புகளையும் நிறுத்துப் பார்ப்போம். நடிப்பவனை நம்பினால் இழப்பது ஒரு நாள் வேலை, பேருந்தில் ஓர் இருக்கை. மெய்யாக நோவுற்றவனை நம்பாவிட்டால், அவன் இழப்பது பல ஆண்டுகள். மருத்துவரிடம் செல்வதையே அவன் நிறுத்திவிடுகிறான். அழற்சி உள்ளே எலும்பை எலும்போடு ஒட்டவைத்துக்கொண்டே போகிறது. மணிமேகலையில் காயசண்டிகை யானைத்தீ என்னும் தீராப் பசிநோயோடு வந்து நிற்கிறாள். எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி. பார்ப்பவர் கண்ணுக்குப் பேராசை என்றே தோன்றக்கூடியது. மணிமேகலை அவள் கையில் ஒரு பிடி சோறு இடுகிறாள். பசி நீங்கியபின்னரே காயசண்டிகை தொழுது தன் கதையைச் சொல்கிறாள். சாத்தனார் அந்த வரிசையை மாற்றி அமைத்திருக்கலாம், அமைக்கவில்லை.

நோயாளிக்கும் கடமை உண்டு. விநயபிடகத்தின் மகாவக்கத்தில், பேணுதற்கு எளிய நோயாளியின் இயல்புகள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் ஒன்று: நோய் மிகுந்தால் மிகுந்தது என்றும், குறைந்தால் குறைந்தது என்றும், நின்றால் நின்றது என்றும் பேணுபவரிடம் உள்ளவாறே சொல்லுதல். எத்துணை நுட்பமான விதி! நோய் நாளுக்கு நாள் மாறும் என்பதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் நேற்று நலமாக இருந்தது என்று உண்மை சொன்னால் அதுவே இன்று தனக்கு எதிரான சாட்சியாகும் என்று அஞ்சும் வீட்டில், எந்த இளைஞன் இவ்விதியைக் காக்க முடியும்? நல்ல நாளையும் மறைத்து, எப்போதும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தால்தான் நம்புவார்கள் என்னும் நிலைக்கு அவனைத் தள்ளியபின், அவன் நடிக்கிறான் என்று சொல்வதில் என்ன நேர்மை?

இவ்விதிகள் பிறந்த நிகழ்ச்சியும் அறியத்தக்கது. வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவனும் ஆனந்தரும் கண்டு, நீர் கொணர்ந்து கழுவி, தலையையும் காலையும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். ஏனையோர் ஏன் பேணவில்லை என்று கேட்டதற்குக் கிடைத்த விடை: இவரால் பிக்குகளுக்குப் பயன் ஒன்றும் இல்லை. இருபது வயதில் நாட்பட்ட நோயால் வேலையிழந்து வீட்டில் கிடப்பவன் நாள்தோறும் கேட்கும் சொல்லும் இதுவே. வாயால் சொல்லாதபோது, தட்டை வைக்கும் ஓசையால் சொல்லப்படும்.

நம் விகாரைகளிலும் சங்கக் கூட்டங்களிலும் வந்தனை முடியும்வரை தரையில் சம்மணமிட்டு அமர்வதே வழக்கம். சுவரோரம் நான்கு நாற்காலிகள் போடுவது பெருஞ்செலவன்று. முதியோர்க்கு அவை பெரும்பாலும் போடப்படுகின்றன. இளையோர் ஒருவர் வந்து அதில் அமர்ந்தால் தலைகள் திரும்பாதிருக்க வேண்டும்; இடையில் எழுந்து நடந்துவிட்டு மீண்டும் வந்து அமர்ந்தால் காரணம் கேட்கப்படாதிருக்க வேண்டும். மேலே சொன்ன இளைஞனுக்கு அசைவே மருந்து. அவன் எழுந்து நடப்பது அவமதிப்பு அன்று. சொற்பொழிவு ஆற்றுபவர் இதனை அறிந்திருந்தால் நன்று.

கபிலவத்துவில் சாக்கியர் புதிதாக ஒரு மன்றம் கட்டினர். துறவியோ வேறெவரோ அதில் இன்னும் தங்கியதில்லை. பகவனே முதலில் அதனைப் பயன்கொள்ள வேண்டும் என்று வேண்டி அழைத்து, விரிப்பு விரித்து, விளக்கேற்றி, கூடியிருந்தனர். பகவன் இரவு நெடுநேரம் அறம் உரைத்தார். பின்னர் ஆனந்தரை அழைத்து, தமக்கு முதுகு நோகிறது என்றும், சற்றுக் கிடக்கப்போவதாகவும், சாக்கியருக்கு மேற்கொண்டு அவர் உரைக்கட்டும் என்றும் சொன்னார். பாவாவில் மல்லரின் புது மன்றத்திலும் ஒருமுறை இவ்வாறே சாரிபுத்தரிடம் சொன்னார். கபிலவத்துவில் கூடியிருந்தவர் அவர் பிறந்த குலத்தவர். அவர் காண்பதற்கு நலமாகவே இருந்தார். அதுவரை பேசிக்கொண்டும் இருந்தார். மேலாடையை நான்காக மடித்து விரித்து, வலப்புறமாகச் சாய்ந்து, காலின்மேல் கால் வைத்துக் கிடந்தார். ஆனந்தர் எழுந்து உரைக்கத் தொடங்கினார். அவர் முடித்தபோது பகவன் எழுந்து அமர்ந்து, நன்று உரைத்தாய் என்று பாராட்டினார். சாக்கியர் மகிழ்ந்து வீடு திரும்பினர்.